சேம அச்சு

நுழையும்முன்

வீடு என்று சொன்னவுடன் கடைக்காலும் சுவரும் கூரையும் நினைவுக்கு வருகின்றன. சக்கரம் நினைவுக்கு வருவதில்லை. பழைய வேன் ஒன்றை வீடாக மாற்றிக்கொண்டு ஆண்டு முழுவதும் சாலையிலேயே வாழ்பவர்கள் இன்று பல நாடுகளில் இருக்கின்றனர். அத்தகைய வீட்டில் எதை ஏற்றுவது, எதை விட்டுச் செல்வது என்னும் கேள்வியை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எதிர்கொண்டவர்கள் தமிழ்நிலத்தின் உப்பு வணிகர்கள். அவர்களுடைய வண்டியையும் இன்றைய வேனையும் அருகருகே நிறுத்திப் பார்க்கிறது இக்கட்டுரை.

பெருவழியும் பழைய நாடும்

சென்னையிலிருந்து தெற்கு நோக்கி வரும் பெருஞ்சாலை திண்டிவனத்தில் கிளைகளாகப் பிரிகிறது. மேற்கே செஞ்சிக்கும் திருவண்ணாமலைக்கும் ஒரு கிளை. தெற்கே புதுச்சேரிக்கு ஒன்று. கிழக்கே மரக்காணத்து உப்பளங்களுக்கு மற்றொன்று. மூலச்சாலையோ விக்கிரவாண்டியைக் கடந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் விழுப்புரத்தை அடைகிறது. இரவும் பகலும் ஓயாத இச்சாலையில், லாரிகளுக்கும் பேருந்துகளுக்கும் நடுவே, சன்னல்களில் திரைச்சீலையும் கூரைமேல் சூரியத்தகடும் கொண்ட வேன் எப்போதேனும் ஒன்று கடந்து செல்வதுண்டு. உள்ளே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த்தொட்டி, மடக்கு மேசை எல்லாம் இருக்கும். இதனைக் ‘கேரவன்’ என்கின்றனர். திரைப்பட நடிகர்கள் ஓய்வெடுக்கும் வண்டி என்ற பொருளிலேயே தமிழ்நாட்டில் இச்சொல் பெரிதும் பரவியிருக்கிறது. பாரசீக மொழியில் அதன் மூலச்சொல்லுக்குப் பாலைவழியே கூட்டமாகச் செல்லும் வணிகர் குழு என்று பொருள்.

அத்தகைய வணிகர் குழு திண்டிவனத்து மண்ணுக்குப் புதியதன்று. நகரின் ஒரு பகுதியாக இன்று விளங்கும் கிடங்கில், சங்க காலத்தில் ஓய்மா நாட்டுத் தலைவன் நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்று. அவனைப் பாடிய சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று அந்நாட்டு ஊர்களை வரிசைப்படுத்துகிறது. எயிற்பட்டினமே இன்றைய மரக்காணம் என்பது அறிஞர் பலரின் கருத்து. நூலை இயற்றிய நத்தத்தனாரும் அருகிலுள்ள இடைக்கழிநாட்டு நல்லூரைச் சேர்ந்தவரே. நெய்தல் நிலத்தில் விளையும் உப்பு உள்நாட்டிற்குச் சென்றாக வேண்டும். உள்நாட்டின் நெல் கடற்கரைக்கு வந்தாக வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையே வாழ்நாளைக் கழித்தவர்கள் உமணர். அவர்கள் வண்டியில் சரக்கை மட்டும் ஏற்றவில்லை, குடும்பத்தையும் ஏற்றினர்.

உமணர் வண்டி

உமணர் வண்டியின் அமைப்பை மிக நுட்பமாகக் காட்டுவது பெரும்பாணாற்றுப்படை. தொண்டைமான் இளந்திரையனைப் பாட வந்த கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சிக்குச் செல்லும் பாணனுக்கு வழி சொல்லும்போது, எதிர்ப்படும் உப்பு வண்டியின்முன் சற்றே நின்றுவிடுகிறார். தச்சர் ஒருவர் அருகிருந்து சொல்லச்சொல்லக் கேட்டு எழுதியதைப் போன்றது அப்பகுதி. முழவைப் போலத் திரண்ட, முழுமரத்தில் கடைந்த குடம். அதில் செறிந்து நிற்கும் ஆரக்கால்கள். அவற்றைச் சுற்றிப் பிடித்த வட்டை. கணையமரம் போன்ற பருத்த பார். மேலே ஆரைப்புல் வேய்ந்த கூரை. தினைப்புனத்தில் யானையை விரட்டக் காவலிருப்போரின் பரண்குடிசையைப் போன்றது அதன் தோற்றம் என்கிறார் புலவர்.

இனி அவ்வீட்டின் பொருள்கள். வாயிலருகே கோழிக்கூடு தொங்குகிறது. பெண்யானையின் முழந்தாளை ஒத்த சிறிய உரல் கட்டித் தூக்கப்பட்டிருக்கிறது. கூத்தாடும் மகளிரின் முழவைப் போலக் கயிற்றால் இறுகப் பிணிக்கப்பட்ட பானையில் காடி, அதாவது ஊறுகாய் இருக்கிறது. வண்டியின் முன்புறத்தில் கைக்குழந்தையோடு அமர்ந்த பெண் எருதுகளை ஓட்டுகிறாள். வேப்பந்தழை மாலையணிந்த ஆடவர் இருபுறமும் காவலாக நடக்கின்றனர்.

கோழி, உரல், ஊறுகாய் என்ற இம்மூன்றையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். உப்பு வண்டியில் இடம் என்பது காசு. ஒரு பொருளை வைத்தால் அந்த அளவுக்கு உப்பு குறையும். அப்படியிருந்தும் இம்மூன்றுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஊறுகாய் கெடாது; சோறு கிடைத்த இடத்தில் வேறு குழம்பு தேட வேண்டியதில்லை. கோழி தன் இரையைத் தானே தேடிக்கொள்ளும், முட்டையும் தரும். உப்புக்கு மாற்றாகக் கிடைப்பது நெல்லாதலால் உரல் இல்லாமல் உலையேற்ற முடியாது. உரல் சிறியதாக இருப்பதையும் புலவர் மறக்காமல் சொல்கிறார். ஊரில் உள்ள வீட்டில் பெரிய உரல் இருந்திருக்கலாம்; சாலைக்குச் சிறியதே போதும் என்று யாரோ ஒரு பெண் தீர்மானித்திருக்கிறாள். வண்டியை வடிவமைத்தவர் தச்சர் என்றால், அதனை வீடாக்கியவள் அவளே.

இத்தனை கணக்கிலும் விளையாட்டுக்கு இடமிருந்தது. உமணர் வளர்த்த குரங்கு ஒன்று அவர்களுடைய பிள்ளைகளோடு கிலுகிலுப்பை ஆடிய காட்சியைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகிறது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வண்டியின் அடியில் இன்னொன்று கட்டப்பட்டிருந்தது. அதியமானின் மகன் பொகுட்டெழினியைப் பாடும் ஔவையார், புறநானூற்றின் 102ஆம் பாடலில் அதைக் குறிப்பிடுகிறார். எருதுகள் இளையவை, பாரமோ பெரிது, பள்ளத்தில் இறங்கும்போதோ மேட்டில் ஏறும்போதோ என்ன நேரும் என்று எவர் அறிவார்? இவ்வாறு எண்ணிய உமணர், அச்சு முறிந்தால் மாற்றுவதற்காக வண்டியின் கீழ்மரத்தில் மற்றோர் அச்சைக் கட்டிச் சென்றனர். அதன் பெயர் சேம அச்சு. இளம்வீரன் ஒருவனைப் புகழ உவமை தேடிய ஔவையாருக்குச் சிங்கமும் ஞாயிறும் தோன்றவில்லை. வண்டியின் அடியில் ஒருவர் கண்ணுக்கும் படாமல் கிடந்த அந்த மரத்துண்டே தோன்றியது.

பழைய வேன் வீடாகும்போது

ஐரோப்பாவில் பிழைப்புக்காக அல்லாமல் விருப்பத்திற்காகச் சக்கரவீடு கட்டியவர்களுள் முன்னோடி, ஓய்வுபெற்ற கடற்படை மருத்துவரான வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ். 1885ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்ற குதிரைவண்டி வீட்டைச் செய்வித்து, இங்கிலாந்திலிருந்து ஸ்காட்லாந்து வரை பயணம் செய்தார். அதன்பின் இயந்திர ஊர்திகள் வந்தன. 1950களில் ஜெர்மனியின் வோக்ஸ்வேகன் வேன்கள் வீடுகளாயின. அக்கதை நீளமானது. இங்கே வேண்டுவது, பழைய வேன் ஒன்றைப் பட்டறையில் நிறுத்தி வீடாக்க முனைவோர் சந்திக்கும் கேள்விகளே.

முதற்கேள்வி அழகைப் பற்றியதாக இருத்தல் கூடாது. பழைய வண்டியை வாங்குவோர் பலரும் மெத்தையின் நிறத்தையும் விளக்கின் ஒளியையும் முதலில் பேசத் தொடங்குகின்றனர். பட்டறைக்காரரோ பேசாமல் வண்டிக்கு அடியில் படுத்துவிடுவார். சேஸிஸ் சட்டத்தைச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்று ஒலித்தால் இரும்பு உயிரோடிருக்கிறது, மந்தமாக ஒலித்தால் துரு உள்ளே தின்றிருக்கிறது. மரக்காணம் போன்ற கடலோர ஊர்களில் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்று அடித்தகட்டை அரித்திருக்கும் என்பதால் இரட்டிப்புக் கவனம் வேண்டும். அடுத்து பிரேக், பின்னர் டயர். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சிடப்பட்டிருக்கும். 3519 என்று இருந்தால், 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். ஓடாமல் நின்ற வண்டியின் டயர் தேயாமலேயே முதுமை அடைந்திருக்கக்கூடும்.

பதிவுச் சான்றிதழையும் விரித்துப் பார்க்க வேண்டும். சொந்தப் பயன்பாட்டு ஊர்திக்குப் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்கு உட்படுத்தி ஐந்தாண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் வகுத்த அமைப்பிலிருந்து ஊர்தி மாறுபடுமாறு உரிமையாளர் தம் விருப்பப்படி மாற்றக் கூடாது என்கிறது. எனவே தகட்டை அறுக்கும் முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தை அணுகுவதே முறை. அதே சான்றிதழில் வெற்று வண்டியின் எடையும், ஏற்றத்தோடு கூடிய உச்ச எடையும் எழுதப்பட்டிருக்கும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே வீட்டின் முழுச்செல்வம். மனிதர், தண்ணீர், மரச்சாமான், பாத்திரம் அனைத்தும் அதற்குள் அடங்க வேண்டும்.

தண்ணீரிலிருந்து கணக்கைத் தொடங்குவோம். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. இருவர், ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் என்று மிகச் சிக்கனமாகச் செலவிட்டாலும், மூன்று நாளுக்கு 90 லிட்டர், அதாவது 90 கிலோ தேவை. கூடுதலாக ஒருவரை எப்போதும் ஏற்றிச் செல்வதற்கு அது சமம். அந்த ஆளோ அசையாமல் உட்காருபவர் அல்லர். திருப்பத்தில் ஒருபுறமாகச் சாய்வார், பிரேக் போட்டால் முன்னே பாய்வார். இதனால்தான் தொட்டியை உயரத்தில் வைக்காமல், தாழ்வாக, அச்சுக்கு அருகில் வைத்து, உள்ளே தடுப்புகளும் அமைக்கின்றனர். மரவேலையிலும் இதே கணக்கு உண்டு. எட்டடிக்கு நான்கடி அளவும் 18 மில்லிமீட்டர் தடிமனும் கொண்ட ஒரு பிளைவுட் பலகையே 30 கிலோவுக்குக் குறையாது. வீட்டுத் தச்சர் அலமாரி செய்யும் பழக்கத்தில் ஐந்தாறு பலகைகளை இழைத்துவிட்டால், தண்ணீருக்கு இடமிராது.

சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது; தரையில் தண்ணீரைப் போலப் பரவித் தேங்கும். படுக்கைக்குக் கீழே உள்ள மூடிய பெட்டியில் உருளையை வைப்பது ஆபத்தை அருகில் வைத்துக்கொண்டு உறங்குவதாகும். உருளை நிற்கும் பெட்டியின் அடித்தகட்டில் வெளிப்புறம் நோக்கிய துளை இருக்க வேண்டும். கதவுகளை அடைத்துக்கொண்டு அடுப்பை எரியவிடுவதும் தவிர்க்கப்பட வேண்டியதே. காற்றோட்டமற்ற சிற்றறையில் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு சேர்ந்து, உறங்குபவரை எழவிடாமல் செய்துவிடும்.

மின்சாரத்தில் ஆசைக்கு அளவு வகுக்க வேண்டும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி மின்கலம் ஒன்றில் 1200 வாட்-மணி ஆற்றல் அடங்கியிருக்கிறது. ஈய அமில மின்கலமாயின், அதன் ஆயுள் குறையாதிருக்கப் பாதியளவே எடுக்கலாம், எஞ்சுவது 600. முப்பது வாட் மின்விசிறி இரவில் பத்து மணிநேரம் ஓடினால் 300 செலவாகும். விளக்கும் கைப்பேசியும் மிகச் சிறிதளவே கேட்கும். ஆயிரம் வாட் குளிர்சாதனத்தை இயக்கினாலோ அரைமணி நேரத்திற்குச் சற்று மேல் எல்லாம் தீர்ந்துவிடும். வண்டியைக் கிளப்பும் மின்கலத்திலிருந்தே விசிறிக்கும் மின்சாரம் எடுத்தால், விடியற்காலையில் வண்டியைத் தள்ள நாலுபேரைத் தேட வேண்டியதுதான்.

விழுப்புரத்துக் கோடையில் இச்சிக்கல் மேலும் முறுக்கிக்கொள்கிறது. சித்திரை வெயிலில் இரும்புக்கூரை அடுப்புத்தட்டாகிவிடும். நிழல் தேடியே ஆக வேண்டும். திண்டிவனம் என்ற பெயரே புளியமரக் காடு எனப் பொருள்படும் ‘திந்திரிணி வனம்’ என்பதிலிருந்து வந்தது என்பர். புளிய நிழலில் நிறுத்தினால் உடல் குளிரும், ஆனால் கூரைமேல் உள்ள சூரியத்தகடு உறங்கிவிடும். வெயிலில் நிறுத்தினால் மின்கலம் நிறையும், மனிதர் வாடுவர். அனுபவமுள்ளவர்கள் தகடுகளுள் ஒன்றைக் கூரையில் பொருத்தாமல் நீண்ட கம்பியோடு கழற்றிவைத்துக்கொள்கின்றனர். வண்டி நிழலில் நிற்க, தகடு மட்டும் வெயிலில் காயும். இரவில் புளியமரத்தடியில் படுக்கக் கூடாது என்னும் ஊர்வழக்கைப் பின்பற்றுவோர் மாலையில் வேறிடம் பார்க்க வேண்டும்.

குறுகிய இடத்தில் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இளம் கட்டடக் கலைஞர் அருண் பிரபு, பழைய ஆட்டோ ஒன்றின்மேல் ஆறடிக்கு ஆறடி, அதாவது 36 சதுர அடியில், படுக்கை, சமையலிடம், கழிப்பறை ஆகியவை கொண்ட வீட்டை அமைத்தார். ‘சோலோ 01’ என்பது அதன் பெயர். பழைய பேருந்துகளிலிருந்து கழித்த தகடுகள் போன்றவற்றைப் பயன்படுத்தியதால் செலவு ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய்க்குள் அடங்கியது. 2021ஆம் ஆண்டில் அது நாடெங்கும் செய்தியாயிற்று. நிலையான வீடில்லாத எளியோரை மனத்திற்கொண்டு அவர் அதனை வடிவமைத்தார் என்பதே அதன் அளவைவிடக் கவனிக்கத்தக்கது.

ஸ்டெப்னி

தொடக்ககால மோட்டார் வண்டிகள் மாற்றுச் சக்கரம் இல்லாமலே ஓடின. டயர் வெடித்தால் சாலையோரத்தில் அமர்ந்து அதைச் செப்பனிட்ட பிறகே பயணம் தொடரும். 1904ஆம் ஆண்டில் வேல்ஸ் நாட்டின் லனெல்லி நகரில் டேவிஸ் சகோதரர்கள், பழுதான சக்கரத்தின்மேல் பிணைத்து ஓட்டத்தக்க ஆரமற்ற சக்கரம் ஒன்றை உருவாக்கினர். அவர்களுடைய கடை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அந்நிறுவனம் இன்றில்லை, ஆங்கிலேயர் பலருக்கே அச்சொல் தெரியாது. திண்டிவனத்துப் பஞ்சர் கடையிலோ ‘ஸ்டெப்னியை இறக்குங்க’ என்பது அன்றாடப் பேச்சு. ஒரு வேல்ஸ் தெருவின் பெயர் இங்கே குடியேறிவிட்டது. அதே வேலைக்கு ஈராயிரம் ஆண்டு முந்தைய தமிழ்ச்சொல் ஏட்டிலேயே தங்கிவிட்டது.

வண்டி நிற்கும் இடம்

சக்கரவீட்டின் எல்லாப் பொருள்களையும் வண்டிக்குள் ஏற்றிவிட முடியாது. தண்ணீர் தீரும், கழிவு சேரும், ஓட்டுபவர் களைப்பார். இவற்றுக்கெல்லாம் ஊரார் இடம் கொடுக்க வேண்டும். முற்காலத்தில் சாலையோரங்களில் சத்திரங்களும் சாவடிகளும் கிணறுகளும் இருந்தன. தலைச்சுமையை யாருடைய துணையுமின்றி இறக்கிவைக்கச் சுமைதாங்கிக் கற்கள் நின்றன. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அவற்றை நட்டனர். வழிப்போக்கர் தங்கிய ‘சாவடி’ என்ற சொல் இன்று விக்கிரவாண்டியில் சுங்கம் தண்டும் இடத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெட்ரோல் நிலையங்கள் குடிநீரும் காற்றும் கழிப்பறையும் கட்டணமின்றித் தர வேண்டும் என்ற விதி, அப்பழைய அறத்தின் எச்சம் எனலாம்.

ஆனால் சாலையில் வாழ்ந்தவர் எல்லாரையும் ஊர் ஒரே கண்ணால் பார்க்கவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியில் 1805 முதல் சென்னை மாகாணத்தில் உப்பு அரசின் தனியுரிமையாயிற்று. 1856இல் இராயபுரத்திலிருந்து தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. பின்னர் விழுப்புரம் பெருஞ்சந்திப்பாக வளர்ந்தது. உப்பு இரயிலேறிற்று. உப்பையும் தானியத்தையும் மாடுகளில் ஏற்றி ஊர்ஊராகச் சென்று விற்ற நாடோடி வணிகர்களின் பிழைப்பு முறிந்தது. மாற்று அச்சு ஒன்றும் அவர்களுக்கு இல்லை. வணிகத்தை இழந்த பின்னும் அலைந்து வாழ்ந்தவர்களை அரசு ஐயத்தோடு பார்த்தது. 1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரிந்தது. நிலையான முகவரி இன்மையே குற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளப்பட்டது. கைரேகை பதிக்க வேண்டும். ஊர்விட்டு ஊர் செல்ல அனுமதிச்சீட்டு வேண்டும். சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுவதும் 1952இலும் அச்சட்டம் ஒழிந்தது. சட்டம் பதித்த ஐயம் அவ்வளவு விரைவாக ஒழியவில்லை.

வேனில் வாழத் தேர்ந்தவருக்குக் குடும்ப அட்டையிலும் வங்கிக் கணக்கிலும் எழுத ஓர் ஊர்முகவரி பெரும்பாலும் இருக்கிறது; சலித்துப்போனால் திரும்பவும் முடியும். அறுவடை முடிந்த வயல்களைத் தேடி வாத்துகளை ஓட்டிச் செல்பவரும், ஆட்டுக்கிடை போடுபவரும், தட்டுமுட்டுப் பொருள்களைச் சுமந்து அதே சாலையில்தான் செல்கின்றனர். பிள்ளைகளின் பள்ளி அவர்களோடு நகர்வதில்லை. புளியமரத்தடியில் நிற்கும் வேனிடம் ஊரார் ஆர்வத்தோடு விலை கேட்பார்கள். பக்கத்தில் கூடாரம் போட்டவரிடம் ‘எந்த ஊர், எப்போது போவீர்கள்’ என்று கேட்பார்கள்.

மரக்காணத்தில் மழை ஓய்ந்த மாதங்களில் பாத்திகளில் உப்பு வெண்மையாகக் குவிகிறது. கூலியாட்கள் கூடையில் சுமந்து வந்து கொட்ட, லாரிகள் நிரம்புகின்றன. ஓட்டுநரின் இருக்கைக்குப் பின்னே ஓராள் படுக்கத்தக்க பலகை. அதன்மேல் சுருட்டிய பாய். ஓரத்தில் தண்ணீர்க் குடுவையும் ஒரு சிறு அடுப்பும். சரக்கேற்றி முடிந்ததும் கிளீனர் தார்ப்பாயை இழுத்துக் கயிற்றை முடிகிறார். பின்னர்க் குனிந்து, வண்டிக்கு அடியில் சங்கிலியில் தொங்கும் ஸ்டெப்னியை ஒருமுறை கையால் தட்டிப் பார்க்கிறார். லாரி திண்டிவனம் நோக்கிப் புறப்படுகிறது.